வரிசைக் கோப்புகளிலிருந்து தலைப்பு வரிகளைப் பிரித்தெடுத்தல்

வரிசைக் கோப்பு என்பது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. அல்லது புரதத்தின் அடுக்கு ஒழுங்கை எழுத்துகளாக எழுதி வைத்த உரைக்கோப்பு ஆகும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால், அது எந்த உயிரியிலிருந்து, எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று கூறும் ஒரு வரி இருக்கும். இதுவே தலைப்பு வரி. ஓர் ஆய்வுக் கூடத்தில் இத்தகைய கோப்புகள் சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றில் என்னென்ன இருக்கின்றன என்பதை அறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடவாத காரியம். தலைப்பு வரிகளை மட்டும் தனியே திரட்டி ஒரு பட்டியலாக்குவதே வழி. யூனிக்சு வகை இயங்குதளங்களில் உள்ள சிறு உரைக் கருவிகள் இதைச் சில நொடிகளில் செய்கின்றன. இக்கட்டுரையில், மதுரையின் பெயரைத் தாங்கி நிற்கும் நோய்க்கிருமிகளின் வரிசைகளைக் கொண்டு அம்முறை விளக்கப்படுகிறது.

மதுரைப் பாதமும் மதுரெல்லாவும்

காலில் வீக்கமும் புரைகளும் உண்டாகி, அவற்றின் வழியே சிறு மணிகள் வெளியேறும் நாட்பட்ட நோய் ஒன்றை ஜான் கில் என்னும் மருத்துவர் 1842இல் மதுரையிலிருந்து பதிவு செய்தார். மதுரையை அன்றைய ஆங்கிலேயர் 'மதுரா' என்று எழுதியதால் நோய்க்கு 'மதுரா பாதம்' என்ற பெயர் நிலைத்தது. பம்பாயில் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் 1860ஆம் ஆண்டளவில் இதற்கு மைசெட்டோமா, அதாவது பூஞ்சைக் கட்டி, என்று பெயரிட்டார். புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. 1905இல் பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் எமில் புரூம்ப், கறுப்பு மணிகளை உண்டாக்கும் பூஞ்சையின் பேரினத்திற்கு 'மதுரெல்லா' என்று பெயர் வைத்தார். மதுரையைச் சுற்றியுள்ள கரிசல், செவல் காடுகளில் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களின் காலில் முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. மண்ணில் வாழும் கிருமி அந்தச் சிறு காயத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. சூடான் நாட்டில் இந்நோய் இன்றும் மிகுதி. உலக சுகாதார அமைப்பு 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நோயை உண்டாக்குவது பூஞ்சை மட்டுமன்று. ஒரு வகைப் பாக்டீரியாவும் இதே போன்ற பாதத்தை உண்டாக்கும். அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. இந்தப் பெயரிலும் மதுரை இரண்டு முறை ஒளிந்திருக்கிறது. பாக்டீரியாவால் வந்ததென்றால் எதிருயிரி மருந்துகள் பெரும்பாலும் பயன் தரும். பூஞ்சையால் வந்ததென்றால் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நீண்ட காலம் கொடுக்க வேண்டும், பலருக்கு அறுவையும் தேவைப்படும். காலையே இழந்தவர்களும் உண்டு. ஆகவே கிருமி எது என்று முதலில் தெரிய வேண்டும். மணியின் நிறமும் நுண்ணோக்கியும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. வரிசையே இன்று துணை. பூஞ்சைகளுக்கு ஐ.டி.எஸ். என்னும் பகுதியும், பாக்டீரியாக்களுக்கு 16எஸ் மரபணுவும் இதற்காகப் படிக்கப்படுகின்றன. படித்த வரிசையைத் தரவுத்தளங்களில் உள்ள பழைய வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பழைய வரிசைகளின் பெயர்ப்பலகைகள்தாம் தலைப்பு வரிகள். பலகை மாறிப்போனால் ஒப்பீடு முழுவதும் மாறிப்போகும்.

1966இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களில் நாடெங்கும் ஏற்படுத்திய உயிர்த்தகவலியல் மையங்களுள் ஒன்று அமைந்தது. இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இத்தகைய கோப்புகளைக் கையாண்ட ஊர் மதுரை.

கோப்பின் அமைப்பு

வரிசைகளை எழுத மிகுதியாகப் பயன்படுவது ஃபாஸ்டா வடிவம். வில்லியம் பியர்சன், டேவிட் லிப்மன் ஆகிய இருவரும் 1980களில் எழுதிய ஒப்பீட்டு நிரலின் பெயரே வடிவத்திற்கும் ஆயிற்று. இதைவிட எளிய வடிவத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். தலைப்பு வரி '>' என்ற குறியுடன் தொடங்கும். அடுத்த வரியிலிருந்து வரிசை எழுத்துகள். அடுத்த '>' வரும்வரை அல்லது கோப்பு முடியும்வரை அந்த வரிசை தொடரும். பாடத்திற்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டு:

>மாதிரி01 மதுரெல்லா மைசெட்டோமேட்டிஸ் ஐ.டி.எஸ். பகுதி
ஏசிஜிடிடிஜிஏசிசிடிஜிஏ
ஜிஜிடிஏசிஏடிடிஜிசிஏ

உண்மையான கோப்பில் இவை ஆங்கில எழுத்துகளாக இருக்கும். தலைப்பு வரியில் '>' குறிக்குப் பின் முதல் இடைவெளி வரை உள்ளது அடையாளம். ஜென்பாங்கு போன்ற பொதுத் தரவுத்தளங்களில் இது சேர்க்கை எண் எனப்படும். இடைவெளிக்குப் பின் வருவது விளக்கம். அடையாளம் மாறாதது, விளக்கம் மாறக்கூடியது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

கருவிகள்

இங்குப் பயன்படும் முதன்மையான கருவிகள் 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை. கிரெப் என்பதை எழுதியவர் கென் தாம்சன். கோப்பில் ஒரு கோலத்தைத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடுவது அதன் வேலை. செட் என்பது வரிகளைத் திருத்தும், இதை எழுதியவர் லீ மெக்மகான். ஆக் என்பது வரிகளை எண்ணவும் பிரிக்கவும் தெரிந்த ஒரு சிறு மொழி. ஏஹோ, வைன்பர்கர், கெர்னிகன் என்ற மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கும் '|' என்ற குழாய்க் குறி டக் மெக்கில்ராயின் கருத்து.

லினக்சிலும் மேக்கிலும் இவை முன்பே இருக்கும். விண்டோசில் லினக்சு துணை அமைப்பை நிறுவினால் கிடைக்கும். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போனதேயில்லை என்பது ஆசிரியர்கள் அறிந்த செய்தி.

கீழே கட்டளைகள் தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கோப்புப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், லினக்சு அதை ஏற்கும்.

அடிப்படைக் கட்டளை

கிரெப் '^>' *.ஃபாஸ்டா > தலைப்புகள்.உரை

இதில் '^' என்பது வரியின் தொடக்கம். ஆகவே '^>' என்றால் '>' குறியில் தொடங்கும் வரி என்று பொருள். வெறும் '>' என்று தேடினாலும் தலைப்பு வரிகள் வரும். ஆயினும் தொடக்கக் குறியை இடுவதே முறை. காரணம் பின்னால் விளங்கும். '*.ஃபாஸ்டா' என்பது அந்த அடைவில் உள்ள எல்லா ஃபாஸ்டா கோப்புகளையும் குறிக்கும். மேற்கோளுக்கு வெளியே உள்ள இரண்டாவது '>' முற்றிலும் வேறானது. அது கிடைத்த வரிகளைத் திரையில் காட்டாமல் கோப்பில் எழுதச் சொல்லும் கட்டளை.

ஒரே குறிக்கு இரு பொருள் இருப்பதுதான் இப்பணியின் மிகப் பெரிய ஆபத்து. மேற்கோள் குறிகளை விட்டுவிட்டு ஒரே ஒரு கோப்பின் மீது இவ்வாறு தட்டியதாகக் கொள்வோம்:

கிரெப் > மாதிரி.ஃபாஸ்டா

கிரெப் வேலையைத் தொடங்கும் முன்பே, கட்டளைகளைப் படிக்கும் ஓடு என்னும் நிரல் '>' குறியைக் கண்டு, மாதிரி.ஃபாஸ்டாவை எழுதுவதற்குத் திறந்து வெறுமையாக்கிவிடும். பிறகு கிரெப் தனக்குத் தேடும் கோலம் தரப்படவில்லை என்று ஒரு பிழைச்செய்தி காட்டும். பயனரின் கண் அந்தச் செய்தியில் இருக்கும். கோப்பின் அளவு சுழியாகிவிட்டதை அவர் கவனிக்க மாட்டார். '^>' என்று மேற்கோளின்றித் தட்டினாலும் இதே கதைதான். அப்போது பிழைச்செய்திகூட வராது, முனையம் எதற்கோ காத்திருப்பது போல் நிற்கும். நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் கோப்பு ஏற்கெனவே போய்விட்டது. குப்பைத் தொட்டியிலும் தேட முடியாது, ஏனெனில் கோப்பு நீக்கப்படவில்லை, காலியாக்கப்பட்டுள்ளது. நட்சத்திரக் குறி பல கோப்புகளைக் குறிக்கும்போது பாஷ் என்னும் ஓடு எதில் எழுதுவது என்று தெரியாமல் மறுத்துவிடும். அடைவில் ஒரே ஒரு கோப்பு இருந்தால் மறுக்காது.

நோயாளியின் மாதிரியிலிருந்து படித்த வரிசையை மீண்டும் படிக்க முடியாமல் போகலாம், திசுவே தீர்ந்திருக்கலாம். எனவே மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் என்ற அனுமதியில் வைப்பதும், நகலின் மீது வேலை செய்வதும் மிகையான எச்சரிக்கை ஆகாது. பாஷில் 'செட் -ஓ நோகிளாபர்' என்று ஒருமுறை கொடுத்தால், இருக்கும் கோப்பின் மேல் '>' எழுதுவதை அந்த அமர்வு முழுவதும் அது தடுக்கும். இங்குள்ள செட், ஓட்டின் அமைப்புக் கட்டளை. மேலே சொன்ன வரித்திருத்தி செட் வேறு, ஆங்கில எழுத்தும் வேறு.

விளைவுக் கோப்பிற்கு ஃபாஸ்டா என்று முடியும் பெயரை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த முறை கட்டளை ஓடும்போது நட்சத்திரக் குறி அதையும் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் கோப்பில் எது

பல கோப்புகளைத் தேடும்போது கிரெப் ஒவ்வொரு வரிக்கு முன்னும் கோப்பின் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தரும். எந்த மாதிரி எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்கு இது வசதி. பெயர் வேண்டாமென்றால் சிறிய எச் என்ற விருப்பத்தையும், கட்டாயம் வேண்டுமென்றால் பெரிய எச் என்ற விருப்பத்தையும் இடலாம். அடைவில் ஒரே கோப்பு இருந்தால் கிரெப் பெயரைத் தானாகச் சேர்க்காது. நூறு கோப்புகளுக்கு எழுதிய நிரல் ஒரு கோப்பில் தடுமாறுவது இதனால்தான். ஆகவே எது வேண்டுமோ அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவதே நல்லது.

அடையாளங்கள் மட்டும் வேண்டுமெனில்:

கிரெப் -எச் '^>' *.ஃபாஸ்டா | செட் 'எஸ்/^>//' | கட் -டி ' ' -எஃப் 1

முதல் பகுதி கோப்புப் பெயரின்றித் தலைப்புகளைத் தருகிறது, இங்கு எச் சிறியது. நடுப்பகுதி தொடக்கத்திலுள்ள '>' குறியை நீக்குகிறது. கடைசிப் பகுதி இடைவெளியை எல்லையாகக் கொண்டு முதல் துண்டை மட்டும் வெட்டித் தருகிறது. இதன் பின்னால் '| சார்ட் | யூனிக் -டி' என்று சேர்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்துள்ள அடையாளங்கள் மட்டும் தெரியும். ஒரே வரிசை இரு கோப்புகளில் இருப்பதையோ, இரண்டு வெவ்வேறு மாதிரிகளுக்கு ஒரே பெயர் வைத்திருப்பதையோ இது பிடித்துவிடும். முதலாவது பெரிய தீங்கில்லை. இரண்டாவது, ஒரு நோயாளியின் முடிவை இன்னொருவர் கணக்கில் எழுதுவதாகும்.

கோப்புகள் பல்லாயிரமாகும்போது நட்சத்திரக் குறி விரிந்து கட்டளை மிக நீண்டுவிடும், இயங்குதளம் அதை ஏற்க மறுக்கும். அப்போது ஃபைண்ட் என்ற கருவியைக் கொண்டு கோப்புகளைக் கண்டறிந்து, தொகுதி தொகுதியாகக் கிரெப்பிடம் ஒப்படைக்கலாம்.

ஒவ்வொரு கோப்பின் முதல் வரியை மட்டும் எடுக்கும் ஹெட் கருவியைச் சிலர் இப்பணிக்குப் பயன்படுத்துவர். கோப்பிற்கு ஒரு வரிசைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அது சரி.

எண்ணிக்கை குறையும்போது

பட்டியல் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. கிரெப்பிற்கு '-சி' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் வரிகளுக்குப் பதிலாக அவற்றின் எண்ணிக்கையைக் கோப்பு வாரியாகத் தரும். நாற்பது மாதிரிகள் அனுப்பியிருந்தால் நாற்பது தலைப்புகள் வர வேண்டும். முப்பத்தேழு வந்தால்?

அடிக்கடி நேரும் காரணம் ஒன்று உண்டு. சில கோப்புகளின் கடைசி வரிக்குப் பின் வரிமுறிப்பு இருக்காது. அத்தகைய கோப்புகளைக் கேட் என்ற கருவியால் ஒன்றாக இணைத்தால், ஒரு கோப்பின் கடைசி வரியோடு அடுத்த கோப்பின் தலைப்பு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலைப்பு இப்போது வரியின் நடுவில் இருப்பதால் '^>' அதைக் காணாது. குறைந்தது ஒரு பெயர் மட்டுமன்று. இரண்டு வரிசைகள் ஒன்றாகி, தலைப்பின் எழுத்துகளும் டி.என்.ஏ. போல உள்ளே கலந்துவிடுகின்றன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வரிசைகளில் ஏ, சி, ஜி, டி, யு தவிர, ஐயத்தைக் குறிக்கும் வேறு எழுத்துகளும் ஏற்கப்படும். எம் என்றால் ஏ அல்லது சி, ஆர் என்றால் ஏ அல்லது ஜி, டாக்டர் என்பதன் முதலெழுத்தான டி என்றால் சி தவிர மற்றவை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'மதுரா' என்று எழுதும் ஆறு எழுத்துகளும் இந்தப் பட்டியலில் அடங்கும். சரிபார்க்காத நிரல் ஊரின் பெயரையே மரபு எழுத்தாக விழுங்கிவிடக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க:

கிரெப் -வி '^>' மொத்தம்.ஃபாஸ்டா | கிரெப் '>'

'-வி' என்பது பொருந்தாத வரிகளைத் தரும். தலைப்பு அல்லாத வரிகளில் '>' எங்கேனும் இருந்தால் அங்கே ஒட்டல் நடந்திருக்கிறது. தொடக்கக் குறியின்றித் தேடக் கூடாது என்று மேலே சொன்னதன் காரணமும் இதுதான்: வெறும் '>' தேடல் இந்த ஒட்டலைத் தலைப்பாகவே கணக்கிட்டு நாற்பது என்று சொல்லும், குறை மறைந்துபோகும். இணைக்கும்போதே கேட் கருவிக்குப் பதிலாக 'ஆக் 1 *.ஃபாஸ்டா' என்று கொடுத்தால், ஆக் ஒவ்வொரு வரியையும் வரிமுறிப்புடன் எழுதுவதால் ஒட்டல் நேராது.

வேறு இரு காரணங்களும் உண்டு. விண்டோசின் சில பதிப்பான்கள் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை எழுதும். அப்போது முதல் '>' வரியின் தொடக்கத்தில் இல்லை என்றாகி, முதல் தலைப்பு மட்டும் விடுபடும். விண்டோசு வரிமுறிப்பு இரண்டு எழுத்துகளால் ஆனது என்பதால், ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் காணாத ஓர் எழுத்து தங்கிவிடுவதும் உண்டு. எண்ணிக்கை சரியாக இருக்கும், திரையில் பெயர்களும் சரியாக இருக்கும், இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டால் மட்டும் ஒன்றும் பொருந்தாது. 'ஃபைல்' என்ற கட்டளை இவ்விரண்டையும் காட்டிக்கொடுக்கும். 'டிஆர்' என்ற கருவியால் அந்த எழுத்தை நீக்கலாம்.

பெயரைத் தேடுதல்

பட்டியலில் மதுரைப் பாதம் தொடர்பான வரிசைகளை மட்டும் எடுக்க விரும்பும் மாணவர் இயல்பாக 'மதுர' என்ற பகுதியைத் தேடுவார். எழுத்தின் பெரியது சிறியது பாராமல் தேடும் '-ஐ' விருப்பத்தையும் சேர்ப்பார். வந்த பட்டியல் நிறைவாகத் தோன்றும். அதில் மதுரெல்லாவும் இருக்கும், ஆக்டினோமதுராவும் இருக்கும். முன்னது பூஞ்சை, பின்னது பாக்டீரியா. மருத்துவம் முற்றிலும் வேறானது என்று மேலே கூறப்பட்டது. இரண்டையும் ஒரே ஒப்பீட்டுத் தொகுப்பில் போடுவது அறியாமல் செய்யும் பெரும்பிழை. முழுச்சொல்லாகத் தேடும் '-டபிள்யூ' விருப்பத்துடன் 'மதுரெல்லா' என்று தேடினால் இக்குழப்பம் இல்லை.

ஆனால் முழுப்பெயரும் போதாது. மதுரெல்லா கிரிசியா என்று நெடுங்காலம் வழங்கிய பூஞ்சை, மரபு வரிசைகளின் அடிப்படையில் 2014இல் டிரெமடோஸ்ஃபேரியா என்ற வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டது. 2012இல் மதுரெல்லா ஃபஹாலை, மதுரெல்லா டிராபிகானா என்ற இரு புதிய இனங்கள் பெயரிடப்பட்டன. பொதுத் தரவுத்தளம் தன் விளக்கங்களைத் திருத்திக்கொள்ளும். 2010இல் தரவிறக்கி அடைவில் வைத்த கோப்பு திருந்தாது, அதன் தலைப்பு வரிகள் அன்றைய அறிவையே சொல்லிக்கொண்டிருக்கும். எனவே பெயரைக் கொண்டு தேடிய பட்டியலை இறுதியாகக் கொள்ளாமல், அடையாளங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்க்கை எண்களைக் கொண்டு தரவுத்தளத்தில் இன்றைய பெயரைச் சரிபார்க்க வேண்டும். மேலே கட் கருவியால் அடையாளத்தைத் தனியே வெட்டியது இதற்கும் உதவும்.

ஃபாஸ்ட்கியூ கோப்புகள்

இன்றைய வரிசைப் பொறிகள் தரும் மூலக் கோப்புகள் பெரும்பாலும் ஃபாஸ்ட்கியூ வடிவில் இருக்கும். இதில் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு வரிகள்: '@' குறியில் தொடங்கும் தலைப்பு, வரிசை, '+' குறி, ஒவ்வொரு எழுத்தின் நம்பகத்தைக் காட்டும் தர வரி. இங்கே '^@' என்று தேடுவது தவறு. தர மதிப்புகள் எழுத்துகளாகவே எழுதப்படுகின்றன, 31 என்ற மதிப்பிற்குரிய எழுத்து '@'தான். ஒரு தர வரி அம்மதிப்பில் தொடங்கினால் அதுவும் தலைப்பாகப் பிடிபடும். நான்கு வரிக்கு ஒன்று என்று எண்ணி எடுப்பதே சரி:

ஆக் 'எஃப்என்ஆர் % 4 == 1' *.ஃபாஸ்ட்கியூ

இதில் குறியீட்டுப் பெயரை மட்டும் பெரிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். 'எஃப்என்ஆர்' என்பது ஒவ்வொரு கோப்பிலும் ஒன்றிலிருந்து தொடங்கும் வரி எண். 'என்ஆர்' என்று எழுதினால் எண்ணிக்கை கோப்புகளைத் தாண்டித் தொடரும், ஒரு கோப்பின் முடிவில் வெற்று வரி ஒன்று கூடுதலாக இருந்தாலும் அடுத்த கோப்புகள் அனைத்திலும் தவறான வரிகள் வரும். இக்கோப்புகள் சுருக்கப்பட்ட நிலையில் வருவதே வழக்கம். 'ஜீகேட்' என்ற கருவி அவற்றைத் தட்டில் விரிக்காமலேயே படித்துக் குழாய் வழியாக ஆக்கிடம் அனுப்பும். குழாயில் கோப்புகளின் எல்லை மறைந்துவிடுவதால், ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். சுருக்கிய ஃபாஸ்டா கோப்புகளுக்கு 'ஜீகிரெப்' போதும்.